ஆத்தாவுக்குச் சொன்ன முதல் சவாரி

அர்ச்சுனன் லாரி வாங்கப் போகிறான் என்ற செய்தி பரவியதும் ஆத்தோரத் தோட்டத்தில் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்க மாட்டார்களா பின்னே? மாட்டின் வாலைத் தவிர வேறெதையும் முறுக்கி அறியாத மனுஷன். தோட்டத்து ரப்பர் சீட்டுகளை மாட்டு வண்டியில் ஏற்றிக் கோத்தா திங்கி படகுத்துறையில் கொண்டுபோய் இறக்குவதுதான் அவன் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவன் சிங்கப்பூருக்குப் போய், பட்டாளத்துக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய லாரி ஒன்றை லேலாங்கில் ஏலம் கேட்டு எடுக்கப்போகிறானாம். "லாரிக்குப் புல்லு எங்கண்ணே அறுப்பீங்க?" என்று கேட்டான் ஒருவன். அர்ச்சுனன் அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

லாரி வாங்குவது பிழைப்புக்காக மட்டும் என்றால் அவனும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பான். இது ஆத்தாவுக்குச் சொன்ன வாக்கு. தோட்டத்து மாரியம்மனை அவன் ஆத்தா என்றுதான் சொல்வான்.

பெருவெள்ளம் வந்த வருஷம் அவனுடைய ஒரே பெண் தனலெட்சுமிக்குக் காய்ச்சல் கண்டு கை கால் வெட்டி இழுத்தது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. வண்டியைப் பூட்டிக்கொண்டு டவுனுக்குப் புறப்பட்டால், தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தில் பாலம் முழுகி, ஆறு எது ரோடு எது என்று தெரியவில்லை. மாடுகள் தண்ணீரில் கால் வைக்க மறுத்துவிட்டன. அடித்தான், வாலை முறுக்கினான், அழுதான். ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்கோ நீச்சல் தெரியாது, தண்ணீரைக் கண்டாலே கால் மரத்துப்போகும்.

பின்னாலேயே ஓடிவந்தான் காளியப்பன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஆள், தென்னைமரம் போல உயரம். பிள்ளையை வாங்கிக் கழுத்தில் உட்காரவைத்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து போய்விட்டான். அர்ச்சுனன் கரையில் மாடுகளோடு நின்று, கோவில் இருந்த திக்கைப் பார்த்துக் கையெடுத்தான். 'தாயே, பிள்ளையைக் கொடுத்துடு. இனிமே இந்த மாட்டை நம்பி இருக்க மாட்டேன். மோட்டார் வண்டி வாங்குறேன். அதுல முதல் சவாரி நீதான். உனக்கு முன்னால ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்.'

பிள்ளை பிழைத்தாள். காளியப்பனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்து, கோழி அடித்துச் சோறு போட்டான் அர்ச்சுனன். அதோடு அது முடிந்தது என்றுதான் நினைத்திருந்தான். ஆத்தாவுக்குச் சொன்னதுதான் பாக்கி. இந்த வருஷத் திருவிழாவில் ஆத்தா தோளில் வர மாட்டாள், லாரியில்தான் வருவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டான். பூசாரி சதாசிவமும் சரி என்றுவிட்டார்.

லாரி ஓட்டவும் வெள்ளைக்காரனோடு பேசவும் அவன் கூட்டிப்போனது மரியநாதனை. கோத்தா திங்கியில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் காரை ஓட்டுகிறவன், பாதிரியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன், அர்ச்சுனனைவிடப் பத்து வயது இளையவன். வாய் கொஞ்சம் நீளம்.

சிங்கப்பூர்க் கிடங்கில் பச்சை பூசிய லாரிகள் வரிசையாக நின்றன. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவனைப் போல அர்ச்சுனன் ஒவ்வொன்றையும் சுற்றி வந்தான். கட்டை ரப்பர் சக்கரத்தைத் தட்டினான். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தான். கடைசியில் ஒன்றின் முன்னால் நின்றான்.

"டேய் மரியா, அந்த வெள்ளைக்காரன்கிட்ட கேளு. இதுல யாரையாச்சும் பொணமா ஏத்தியிருக்காங்களா?"

"அத எப்படிண்ணே கேக்குறது? நாம லாரி வாங்க வந்தமா, துக்கம் விசாரிக்க வந்தமா?"

"கேளுடா. ஆத்தா ஏறப்போற வண்டி."

மரியநாதன் கேட்டான். மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஏதோ சொன்னான். "இது சண்டைக்கே போகலையாம்ணே. இங்கயே கெடந்து உருளைக்கிழங்கும் மெத்தையும்தான் ஏத்திச்சாம்." அர்ச்சுனனுக்கு மனசு நிறைந்தது. அந்த லாரியையே ஏலத்தில் எடுத்தான். பணத்தை எப்படிப் புரட்டினான் என்பது தனிக்கதை, அது இப்போது வேண்டாம்.

கிடங்கு வாசலிலேயே லாரியின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தான். பின்தட்டு முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, நாலு மூலையிலும் வேப்பிலை செருகினான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காயை உடைத்தான். மரியநாதன் முன்னால் இருந்த கைப்பிடியைச் சுற்றி இஞ்சினுக்கு உயிர் கொடுத்ததும் லாரி ஓர் உதறு உதறி, பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. முன்னால் ஓட்டுகிற இடத்தில் இரண்டு பேர் உட்காருவது சவாரியில் சேராது என்று அர்ச்சுனன் தனக்குள் முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தான். பின்தட்டு ஆத்தாவுடையது, அதில் அவனே கால் வைக்கவில்லை.

மேடு வந்தபோது லாரி முக்கியது. அர்ச்சுனன் தன்னை அறியாமல் முன்னால் குனிந்து நாக்கைத் தட்டி, "ஹை, ஹை" என்றான்.

"அண்ணே, அதுக்குக் காது கேக்காது."

"நீ ஓட்டுற வேலையைப் பாரு."

கடலுக்குக் குறுக்கே போட்ட தம்பாக்கு ரோட்டைத் தாண்டி ஜொகூர் பாருவில் நுழைகிற இடத்தில் மலாய்க்கார மாத்தா ஒருவர் சோதனை போடப் பின்தட்டில் ஏறக் காலைத் தூக்கினார். அர்ச்சுனன் குதித்து ஓடிவந்து அவருடைய பூட்சைக் காட்டி, "துவான், காசுட், காசுட்" என்று கும்பிட்டான். போலீஸ்காரர் வேப்பிலையைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், கீழே நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். மரியநாதன் அதற்கப்புறம் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜொகூர் பாருவில் ஒரு வேலை இருந்தது. மரம் சாய்த்தபோது கிளை விழுந்து கால் நசுங்கிய காளியப்பன் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனை டவுன் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் அங்கிருந்து அனுப்பிவைத்ததே அர்ச்சுனன்தான். போகிற வழியில் ஓர் எட்டுப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக லாரியையும் காட்டிவிட்டு வரலாம் என்று சிங்கப்பூரிலேயே அவனுக்கென்று ஆரஞ்சுப் பழம் வாங்கி வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் காளியப்பனின் பெண்சாதி வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தாள். லாரியைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. பழப் பையோடு அர்ச்சுனன் கிட்டே போனான்.

"விடியக்காலம் போயிட்டாருண்ணே," என்றாள். "காலுல சீழ் வச்சு மேல ஏறிடுச்சாம். அவங்களும் என்னென்னவோ செஞ்சு பாத்தாங்க."

அர்ச்சுனன் பையைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அவள் அழுது முடித்திருந்தாள் போலிருக்கிறது, குரல் வறண்டு போயிருந்தது.

"பஸ்காரன் பொணத்தை ஏத்த மாட்டேங்கிறான். வாடகைக் காரும் மாட்டேங்குது. மத்தியானத்துக்குள்ள எடுக்கலைன்னா இங்கயே பொதைச்சிருவாங்களாம். இங்க அவருக்கு யாருண்ணே இருக்கா? ஊருக்குக் கொண்டு போயிருவோம்ணே." பிறகு, அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "ஆத்தாவுக்குச் சொன்ன வண்டின்னு தெரியும். எனக்கும் அவ ஆத்தாதான். எனக்கு வேற வழி தெரியல."

"பாக்கலாம்மா," என்று சொல்லிவிட்டு அர்ச்சுனன் லாரிக்குத் திரும்பி நடந்தான். பாக்கலாமாவது. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நாளைக்குத் திருவிழா. தோட்டத்தில் பிணம் கிடந்தால் கோவில் கதவு திறக்காது. அது ஒரு பக்கம். இந்த லாரியில் ஆத்தாவுக்கு முன்னால் ஒரு பிணம் ஏறினால் வாக்கு என்ன ஆவது? சும்மா சொன்ன வாக்கா? பிள்ளையின் உயிரைப் பிடித்துக்கொண்டு சொன்னது. நாளைக்குப் பிள்ளைக்குத் தலைவலி வந்தால்கூட இவனால்தான் என்று சந்திரமதி அழுவாள். பெண்சாதி அழுவது இருக்கட்டும், அவனாலேயே தாங்க முடியாது.

வேப்பிலை செருகிய மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளையம்மா வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தான். 'அன்னைக்கு அவர் உங்க பிள்ளையைத் தூக்கலையா' என்று அவள் கேட்டிருந்தால் அவனுக்குக் கோபமாவது வந்திருக்கும். 'சொல்லிக்காட்டுகிறாயா' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லியிருப்பான். அவள் சொல்லவில்லை. மரத்தடியில் முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மரியநாதன் தொண்டையைக் கனைத்தான். "அண்ணே, ஒண்ணு சொல்லணும். கெடங்குல அந்த வெள்ளைக்காரன் சொன்னத நான் மாத்திச் சொல்லிட்டேன். சண்டையில இதுல பொணந்தான் ஏத்தினாங்களாம். நீங்க வாங்காம வந்துருவீங்களேன்னு உருளைக்கிழங்குன்னுட்டேன்."

"அப்ப மெத்தை?"

"மெத்தையும் நாஞ்சொன்னதுதான்."

அர்ச்சுனன் அவனைப் பார்த்தான். மரியநாதனின் கை சட்டைக்குள் போய்க் கழுத்துச் சிலுவையைத் தேடிக்கொண்டிருந்தது. பாவம், பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னால் இப்படித்தான்.

"எனக்காகப் பொய் சொல்லி உன் சாமிகிட்ட நீ வேற மாட்டிக்காத. வெள்ளைக்காரன் பொட்டேட்டோன்னது என் காதுலயும் விழுந்துச்சு, அதுக்கு அர்த்தம் எனக்கும் தெரியும்டா. ஆத்தாவுக்கும் தெரியும்."

"அப்ப என்னண்ணே செய்யறது?"

அர்ச்சுனன் லாரியின் பின்பக்கம் போனான். செருப்பைக் கழற்றித் தரையில் விட்டான். சக்கரத்தில் கால் வைத்துப் பின்தட்டில் ஏறினான். மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. ஆத்தாவுக்கு விரிக்கவென்று வாங்கிய புதுப் பாயை எடுத்து உதறி, நடுவில் விரித்தான்.

"போயித் தூக்குறதுக்கு ஆளக் கூப்புடு," என்றான்.

ரோடு நெடுக லாரி குலுக்கி எடுத்தது. கட்டைச் சக்கரம், ஒவ்வொரு கல்லும் இடுப்பில் வந்து இடித்தது. வெள்ளையம்மா புருஷனின் தலையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மேட்டில் ஏறும்போது அர்ச்சுனன் நாக்கைத் தட்டவில்லை. இஞ்சின் கொதித்த இடங்களில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். கோத்தா திங்கி டவுனைத் தாண்டும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

பள்ளத்துப் பாலம் வந்ததும் மரியநாதன் நிறுத்தினான். பலகைப் பாலம் லாரியின் கனத்தைத் தாங்குமா என்று பார்க்க அர்ச்சுனன் இறங்கி முன்னால் நடந்து, தோட்டத்துப் பக்கக் கரையில் போய் நின்றான். கீழே தண்ணீர் முழங்கால் அளவுக்கு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நின்ற இடம் இதுதான். அதே கரை. மாடுகள் இடது பக்கம் நின்றன. இங்கே நின்றுதான் அவன் கையெடுத்துக் கும்பிட்டான், கும்பிட்ட நேரத்தில் காளியப்பன் நடந்துகொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் இது ஒரு தடவைகூட அவனுக்கு இப்படித் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

லாரி மெல்ல ஊர்ந்து இக்கரைக்கு வந்தது. மேலிருந்து வெள்ளையம்மா பேசினாள்.

"இந்தப் பள்ளம்தானேண்ணே? அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? புள்ள என் காதைப் புடிச்சவ விடவே இல்லடின்னாரு. ரெண்டு நாளைக்குக் காது செவந்து வீங்கிக் கெடந்துச்சு. எண்ணெய் போடுறேன்னேன், வேணாம், கெடக்கட்டும்னுட்டாரு."

அவள் அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அர்ச்சுனன் ரோட்டில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதான். மரியநாதன் இஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தான்.

தோட்டத்து முகப்பில் பெரிய மழைமரம் ஒன்று உண்டு. இஞ்சின் சத்தம் கேட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம் மொத்தமும் அங்கே வந்து நின்றிருந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் முதல் வரிசையில். அய்யாவு தப்பைக் காய்ச்சித் தயாராக வைத்திருந்தான், லாரியின் மூக்கு தெரிந்ததும் சாமி அடி அடிக்க ஆரம்பித்துவிட்டான். பெண்கள் குலவை போட்டார்கள். சந்திரமதி ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள், பக்கத்தில் மகள் தனம்.

அர்ச்சுனன் மரத்துக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினான். கையைத் தூக்கினான்.

"அய்யாவு, அடியை மாத்து."

அய்யாவுக்கு விளங்கவில்லை. இன்னும் நாலு அடி அடித்தான். பிறகு அவன் கண் பின்தட்டுக்குப் போனது, அங்கே தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாவுக்குப் போனது. தப்பு நின்றது. குலவையும் நின்றது. அவன் குச்சியை மாற்றிப் பிடித்து, சாவு அடியை மெதுவாக எடுத்தான். அதற்கப்புறம் யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே செத்த உடம்பை லயத்துக்குள் கொண்டுபோகிற வழக்கம் இல்லை. அதனால் சடங்கெல்லாம் மரத்தடியில், லாரியிலேயே வைத்து நடந்தது. பூசாரி சதாசிவம் தள்ளி நின்று அர்ச்சுனனைக் கூப்பிட்டார்.

"வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துருங்க. லயத்தைக் கழுவிட்டு நாளைக்குச் சாயங்காலம் ஆத்தா பொறப்படலாம், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா இந்த வண்டியில ஏற மாட்டா அர்ச்சுனா. வழக்கம்போலத் தோள்லதான்."

"தெரியும்யா," என்றான்.

பூசாரிக்குப் பதில் சொல்வது சுலபம். சந்திரமதிக்குச் சொல்ல வேண்டும். அவள் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள், கற்பூரம் எரிந்து அணைந்துவிட்டிருந்தது.

"வாக்கு போச்சு," என்றான் அவளிடம். "புள்ளைக்காகச் சொன்ன வாக்கு. தெரிஞ்சுதான் ஏத்தினேன்."

சந்திரமதி லாரியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அவள் திட்டுவாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆத்தாவுக்கு வேணும்னா கேட்டு வாங்கிக்குவா," என்றாள் அவள். "காளியப்பண்ணன் நம்மகிட்ட ஒண்ணும் கேக்கலையே. கேக்காமலே போயிட்டாரே."

ஆரத்தித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினாள். வீட்டுக்குப் போய் ஒரு கை அரிசி கொண்டுவந்து தனத்தின் கையில் கொடுத்தாள். "போ. மாமாவுக்கு வாய்க்கரிசி போடு."

அர்ச்சுனன் மகளைத் தூக்கிப் பின்தட்டில் விட்டான். எட்டு வயசுப் பிள்ளை, பயப்படுவாளோ என்று கையை விடாமல் பிடித்திருந்தான். அவள் பயப்படவில்லை. மண்டிபோட்டு அரிசியைப் போட்டாள். போட்டுவிட்டுச் சற்று நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, கையை நீட்டிக் காளியப்பனின் காதைப் பிடித்தாள்.

"இதப் புடிச்சுக்கிட்டுத்தான் போனேன்," என்றாள்.

வெள்ளையம்மா அப்போதுதான் வாய்விட்டு அலறினாள். அதற்கப்புறம் அழாதவர்கள் யாரும் இல்லை.

இருட்டுவதற்குள் ஆற்றோரத்து இடுகாட்டில் புதைத்துவிட்டார்கள். அந்த இடம் வரைக்கும் காளியப்பன் லாரியில்தான் போனான். மறுநாள் லயத்தைக் கழுவினார்கள், லாரியையும் கழுவினார்கள். சாயங்காலம் ஆத்தா தோளில் புறப்பட்டாள். மரியநாதன் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். மழைமரத்தடியில் நின்ற லாரியைத் தாண்டி ஊர்வலம் போனபோது, ஆத்தாவை அதில் ஏற்றிக் கொண்டுவருவதாகச் சொன்ன அர்ச்சுனன் சப்பரத்தின் முன்கொம்பைத் தோளில் தாங்கி நடந்துகொண்டிருந்தான். இதுவரை சாமி தூக்கி அறியாத தோள். மாற்றாள் வந்து கேட்டும் கொடுக்கவில்லை, கோவில் திரும்பும்வரை இறக்கவில்லை.

இரண்டு நாளைக்குத் தோள் சிவந்து வீங்கிக் கிடந்தது. சந்திரமதி எண்ணெய் சுட வைத்துக்கொண்டு வந்தாள். வேண்டாம், கிடக்கட்டும் என்றுவிட்டான்.